கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் முதற் குளிர்காலம்

மாணவர்களே, கணிதமேதை சீனிவாச இராமானுஜன் என்றதும் உங்களுள் பலருக்கு 1729 என்ற எண் நினைவுக்கு வரும். வறுமையில் வளர்ந்தவர், பரீட்சைகளில் சித்தியடையத் தவறியவர், பின்னர் உலகப் புகழ் பெற்றவர் என்பதையும் அறிந்திருப்பீர்கள். அவரது வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதியை இங்கே நோக்குவோம். வெயிலில் பிறந்து வளர்ந்த ஒருவர் 26 வயதிற்குப் பின்னர் முதன்முறையாகக் கடுங்குளிருக்குள் சென்று எவ்வாறு வாழ்ந்தார் என்பதே அது. வன்னியில் வாழும் உங்களில் எத்தனையோ பேருக்கு இலண்டனிலும் கனடாவிலும் நோர்வேயிலும் உறவினர் உள்ளனர். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் அவர்கள் தொலைபேசியில் பேசும்போது முதலில் கூறுவது குளிரைப் பற்றித்தான். அவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்னர் அதே குளிரைச் சந்தித்த ஒரு தமிழரின் கதையாகவும் இதனை வாசிக்கலாம்.

இராமானுஜன் 1887 டிசெம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டில், தாயாரின் பெற்றோர் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். கும்பகோணம் நகர உயர்தரப் பாடசாலையில் கல்வி கற்றபோதே கணிதத்தில் அவருக்கிருந்த ஆற்றல் வெளிப்பட்டது. ஆனால் கல்லூரிக்குச் சென்றபின் கணிதம் தவிர்ந்த ஏனைய பாடங்களைக் கவனிக்கவில்லை. புலமைப்பரிசிலை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் பரீட்சையில் சித்தியெய்தவில்லை. 1909 இல் ஜானகி அம்மாளைத் திருமணம் செய்தார். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபா சம்பளத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1913 ஜனவரி 16 ஆம் திகதியிட்டு, தாம் கண்டறிந்த தேற்றங்களை எழுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரினிற்றி கல்லூரிக் கணித அறிஞர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதமே அவரது வாழ்வைத் திருப்பியது. இவை பாடநூல்களில் உள்ளவை ஆதலால் இங்கே விரித்துக் கூறவில்லை.

கடல் கடந்து செல்வது ஆசாரத்துக்கு மாறானது என்று கருதிய குடும்பம் அவருடையது. முதலில் அவர் மறுத்தார். பின்னர் தாயார் கண்ட கனவொன்றில் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அனுமதி கிடைத்ததாகக் கூறப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் உதவித்தொகை வழங்கியது. குடுமியைக் கத்தரித்து, மேலைத்தேய உடையும் சப்பாத்தும் அணிந்து, 1914 மார்ச் 17 ஆம் திகதி நெவாசா என்னும் கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். ஏப்ரல் 14 ஆம் திகதி இலண்டனை அடைந்தார். (இவ்விரு திகதிகளையும் மாணவர் சிலர் மாற்றி எழுதிவிடுவதுண்டு. மார்ச்சில் புறப்பாடு, ஏப்ரலில் வருகை என நினைவில் வைத்திருங்கள்.)

அவர் சென்ற காலத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் மாதம் இங்கிலாந்தில் இளவேனில். மரங்கள் துளிர்க்கும், பகல் நாளுக்கு நாள் நீளும். ஜுன் மாதத்தில் கேம்பிரிட்ஜில் பகற்பொழுது 16 மணித்தியாலத்துக்கும் அதிகம். தொடக்கத்தில் நெவில் என்ற கணித அறிஞரின் வீட்டில் தங்கியிருந்த இராமானுஜன், பின்னர் ரினிற்றி கல்லூரியின் விடுதியறைக்கு மாறினார். ஹார்டியுடன் ஆராய்ச்சி ஊக்கத்துடன் தொடங்கியது. சப்பாத்து காலை வருத்தியதால் அறையிலும் முற்றத்திலும் செருப்புடனேயே நடந்தார். அதைத் தவிர, உடலை வருத்தும் எதனையும் அந்த நாடு அவருக்கு அதுவரை காட்டவில்லை. கோடையில் வந்திறங்கும் எவரையும் அந்நாட்டுச் சுவாத்தியம் இப்படித்தான் ஏமாற்றும்.

1914 ஓகஸ்ட் 4 ஆம் திகதி பிரித்தானியா முதலாம் உலகப் போரில் இறங்கியது. கல்லூரி மாணவர்கள் படைக்குச் சென்றனர். ரினிற்றி கல்லூரியின் நெவில் முற்றத்துத் தாழ்வாரங்களிலேயே காயமடைந்த படைவீரருக்குக் கட்டில்கள் போடப்பட்டன. ஹார்டியின் நெருங்கிய துணைவரான லிட்டில்வூட் என்ற கணித அறிஞரும் படைத்துறைப் பணிக்குப் பெயர்ந்தார். பழகியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்த அந்த இலையுதிர்காலத்தின் பின்னர்தான் குளிர் வந்தது.

இந்த இடத்தில் புவியியலைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வோம். கும்பகோணம் ஏறத்தாழ 11 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. கிளிநொச்சி 9 பாகைக்குச் சற்று மேலே. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் வேறுபாடு. அங்கும் நெல்வயல், இங்கும் நெல்வயல். அங்கும் ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்று மழை, இங்கும் அதே மழை. ஆகவே இராமானுஜனின் உடல் பழகியிருந்த சுவாத்தியம் ஏறக்குறைய உங்கள் உடல் பழகியுள்ள சுவாத்தியமே. மார்கழி விடியற்காலையில் குளத்துக் கட்டில் நடந்துபோகும்போது உங்களுக்குக் குளிர்கிறது அல்லவா? அப்போதும் வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு மேலேதான் இருக்கும். கேம்பிரிட்ஜில் டிசெம்பர் மாதப் பகல் வெப்பநிலை சாதாரணமாக 7 அல்லது 8 பாகை. இரவில் அது உறைநிலையை அண்மிக்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே போகும்.

வெப்பநிலை மட்டுமன்று. கேம்பிரிட்ஜ் 52 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. புவியின் அச்சு 23½ பாகை சரிந்திருப்பதால், டிசெம்பர் 21 அல்லது 22 ஆம் திகதி நண்பகலில் அங்கே சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 14 பாகை உயரத்தில்தான் நிற்கும். கிளிநொச்சியில் அதே வேளை 57 பாகை உயரத்தில் நிற்கும். (90 இலிருந்து அகலக்கோட்டையும் 23½ ஐயும் கழித்து நீங்களே சரிபார்க்கலாம்.) இங்கே அன்றைய பகல் ஏறத்தாழ 11½ மணித்தியாலம். அங்கே 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. பிற்பகல் நான்கு மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். இராமானுஜனின் பிறந்தநாள் டிசெம்பர் 22 என்பதை மேலே கண்டோம். அவரது இருபத்தேழாவது பிறந்தநாள், அதாவது வெளிநாட்டில் வந்த முதற் பிறந்தநாள், ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டியே வந்தது.

அக்காலத்துக் கல்லூரி அறைகளில் இன்றுள்ளது போன்ற வெப்பமூட்டும் ஏற்பாடுகள் இல்லை. இருக்கை அறையில் குளிர்காயும் அடுப்பு இருக்கும். அதன் அருகே அமர்ந்தால் முகமும் கையும் சூடாகும், முதுகு குளிரும். படுக்கையறை வேறாக இருக்கும். அடுப்பின் வெப்பம் அங்கே எட்டாது.

அந்நாட்களில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் வங்காளத்தைச் சேர்ந்த பிரசாந்த சந்திர மகலனோபிஸ் என்ற மாணவர் இருந்தார். இவரே பின்னாளில் புகழ்பெற்ற புள்ளிவிபரவியலாளராகி, 1931 இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்தை நிறுவியவர். இருவரும் நண்பராயினர். குளிர் தொடங்கிய ஒரு நாள் அவர் இராமானுஜனின் அறைக்குச் சென்றார். இராமானுஜன் அடுப்பை ஒட்டி அமர்ந்திருந்தார். இரவில் குளிரில்லாமல் உறங்க முடிகிறதா என்று மகலனோபிஸ் விசாரித்தார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் சால்வையையும் சுற்றிக்கொண்டு படுத்தும் குளிர்கிறது என்று இராமானுஜன் தெரிவித்தார். போர்வை போதாது போலும் என எண்ணிய நண்பர், படுக்கையறைக்குள் சென்று பார்த்தார்.

கட்டிலில் கம்பளிப் போர்வைகள் பல இருந்தன. ஆனால் அவை மெத்தையைச் சுற்றி இறுக்கமாகச் செருகப்பட்டு, அவற்றின்மேல் விரிப்பொன்று போடப்பட்டிருந்தது. ஆங்கிலேயர் வழக்கப்படி, படுக்கப் போகிறவர் அப்போர்வைகளை ஒரு பக்கம் விலக்கி, அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும். அது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின்மேல், போர்வைகள் அனைத்தும் தமக்குக் கீழே இருக்க, அவர் குளிரில் நடுங்கிப் படுத்திருக்கிறார். மகலனோபிஸ் போர்வைகளை விலக்கி, உள்ளே எவ்வாறு படுப்பது என்று செய்து காட்டினார்.

இதனைக் கேட்டுச் சிலர் சிரிப்பர். மேதைக்குப் படுக்கத் தெரியவில்லை என்று வேடிக்கையாகவும் எழுதியுள்ளனர். ஆனால் சற்று எண்ணிப்பாருங்கள். நாம் பாயை விரித்து, படுத்து, போர்வையை மேலே இழுத்துக்கொள்கிறோம். கும்பகோணத்திலும் அப்படித்தான். ஒழுங்காக விரித்து இறுக்கிச் செருகப்பட்ட படுக்கையைக் காணும் ஒருவர், அதைக் குலைக்கக் கூடாது என்றே எண்ணுவார். கல்லூரியில் படுக்கையை ஒழுங்குபடுத்துபவருக்கோ இதனை ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமே வந்திராது. இராமானுஜனும் எவரிடமும் கேட்கவில்லை. கூச்சம் மிகுந்தவர், பிறருக்குத் தொல்லை தர விரும்பாதவர். அவருடைய அறிவுக்கும் இந்த அறியாமைக்கும் தொடர்பே இல்லை. ஒரு நாட்டில் பிறந்தவர்கள் சொல்லாமலே அறிந்திருக்கும் சிறிய விடயங்கள்தாம் புதிதாக வந்தவரை மிகவும் வருத்துகின்றன. உங்கள் உறவினர்களைக் கேட்டால் அவர்களும் இதுபோன்ற கதையொன்றைச் சொல்வர்.

விஞ்ஞான பாடத்தில் வெப்ப இடமாற்றம் படித்திருப்பீர்கள். கம்பளி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கிடையே சிறைப்பட்ட வளி வெப்பத்தை அரிதிற் கடத்தும் ஆதலால், உடலின் வெப்பம் வெளியேறுவது குறைகிறது. பல போர்வைகள் இருந்தால் வளிப்படைகளும் பல. இராமானுஜனின் உடலுக்குக் கீழே அத்தகைய படைகள் பல இருந்தன. மேற்பக்கத்தில் ஓவர்கோட்டும் சால்வையும் மாத்திரமே. அறையின் குளிர்ந்த வளியோ மேற்பக்கத்திற்றான் இருந்தது.

அதே குளிர்காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி, அவர் குளிரில் முடங்கிக் கிடக்கவில்லை என்பதைக் காட்டும். 1914 டிசெம்பர் மாத ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் ஒரு புதிர் வெளிவந்தது. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என வரிசையாக இலக்கமிடப்பட்டுள்ளது. ஒரு குறித்த வீட்டின் இடப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமன். வீடுகள் 50 இற்கு மேல், 500 இற்குக் கீழ். அவ்வீட்டின் இலக்கம் யாது? மகலனோபிஸ் சற்று முயன்று விடையைக் கண்டு, அடுப்பில் மரக்கறி கிளறிக்கொண்டிருந்த இராமானுஜனிடம் புதிரை வாசித்தார். கிளறியபடியே இராமானுஜன் ஒரு தொடர் பின்னத்தைச் சொன்னார். அது இந்த ஒரு விடையை மாத்திரமன்றி, அத்தகைய எல்லா விடைகளையும் தந்தது. 8 வீடுகள் எனின் விடை 6. ஏனெனில் 1 முதல் 5 வரை கூட்டினால் 15. 7 உம் 8 உம் 15. அடுத்தது 49 வீடுகளில் 35. அதற்கடுத்த 288 வீடுகளில் 204 என்பதே புதிரின் விடை. கூட்டல் விருத்திச் சூத்திரத்தைப் பயன்படுத்தி இரு பக்கமும் 20706 வருகிறதா என்று நீங்கள் செய்து பாருங்கள். நல்ல பயிற்சி.

மரக்கறி கிளறியதற்கும் காரணம் உண்டு. இராமானுஜன் கண்டிப்பான சைவ உணவினர். கல்லூரிச் சமையலில் விலங்குக் கொழுப்பு கலந்திருக்குமோ என்ற ஐயத்தினால் தமது அறையிலேயே தாமே சமைத்தார். ஊரிலிருந்து பொதிகளில் சில உணவுப்பொருட்கள் வந்தன. போர் நீடிக்க நீடிக்க எல்லாமே அரிதாயின. 1915 தொடக்கத்தில் ஊர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், உப்பும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்த வெறுஞ்சோற்றுடனேயே தம்மால் எவ்வளவு காலமும் வாழ முடியும் என்று அறிவித்தார். இது ஊரிலுள்ளோர் கவலைப்படாதிருக்க எழுதியது போலவே தோன்றுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களில் இவ்வகை வாக்கியங்களை வன்னி வீடுகளிலும் கண்டிருக்கிறோம். ஆராய்ச்சி மும்முரமானால் பல மணித்தியாலங்கள் தொடர்ந்து வேலை செய்து, நேரம் தவறி உண்டு, நேரம் தவறி உறங்கினார். குளிர்நாட்டில் உடல் தன் வெப்பத்தைக் காக்கக் கூடுதலான சக்தி தேவை. 52 பாகை அகலக்கோட்டில் குளிர்கால வெயிலினால் தோலில் விற்றமின் டி போதிய அளவு உருவாவதில்லை. அதனைத் தரும் முக்கிய உணவுகளான மீனையும் முட்டையையும் அவர் உண்பதில்லை. அன்று இவை எவருக்கும் தெரியாது. விற்றமின் டி பற்றிய அறிவு 1920களிலேயே உருவானது.

ஆராய்ச்சியைப் பொறுத்தவரை அவை வளமான ஆண்டுகள். 1915 இல் உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்கான பட்டத்தைப் பெற்றார். ஆனால் 1917 இளவேனிற் காலத்தில் நோயுற்றார். கேம்பிரிட்ஜில் தனியார் மருத்துவமனை ஒன்றிலும், அதன்பின் சுகநிலையங்கள் பலவற்றிலும் இருக்க நேர்ந்தது. அவற்றுள் ஒன்றான மெண்டிப் மலைச் சுகநிலையத்தை நடத்தியவர் சௌரிமுத்து என்ற தென்னிந்திய வைத்தியர். இன்னொன்று டார்பிசயர் மாவட்டத்தின் மட்லொக்கில் இருந்தது.

வைத்தியர்கள் காசநோய் என ஐயுற்றனர். அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து இல்லை. தூய வளியே சிகிச்சை எனக் கருதப்பட்டது. குளிர்காலத்திலும் யன்னல்களைத் திறந்துவைத்து, திறந்த அறைகளில் நோயாளரைக் கிடத்துவர். 1914 இல் போர்வைக்குள் நுழையக் கற்றுக்கொண்ட மனிதருக்கு, இப்போது அறையிலிருந்த சிறு வெப்பமும் மறுக்கப்பட்டது. அத்தகைய ஒரு நிலையத்திலிருந்து ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், வந்து ஒரு மாதமாகியும் ஒரு நாளேனும் நெருப்பு மூட்டித் தரவில்லை என்றும், குளிரால் சில வேளைகளில் உண்ணவும் முடியவில்லை என்றும் முறையிட்டார். தீவிரமாகக் கணித வேலை செய்யும் நாட்களில் நெருப்புத் தருவதாகச் சொல்லப்பட்டது. அந்த நாள் வரவேயில்லை. குளியலறை மட்டும் சூடாக இருந்ததாம். ஆகவே நாள்தோறும் ஒரு மணித்தியாலம் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குச் சென்று, விரைவில் இரண்டு மூன்று கட்டுரைகளை எழுதி அனுப்புவதாக அதே கடிதத்தில் தெரிவித்தார். அவரைப் பற்றிய எத்தனையோ செய்திகளுள் மனத்தை மிகவும் தொடுவது இதுவே என்பது எமது கருத்து.

1918 மே மாதம் அவர் இலண்டன் றோயல் கழகத்தின் உறுப்பினராகத் தெரிவானார். அதே ஆண்டு ஒக்டோபரில் ரினிற்றி கல்லூரியின் ஆய்வுறுப்பினர் பதவி கிடைத்தது. இப்பதவியைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. போர் முடிந்து கடற்பயணம் பாதுகாப்பான பின்னர், 1919 பெப்ரவரி 27 ஆம் திகதி நகோயா என்ற கப்பலில் புறப்பட்டு, மார்ச் 27 ஆம் திகதி பம்பாயை வந்தடைந்தார். அவர் இங்கிலாந்தில் கழித்தது ஐந்து குளிர்காலங்கள்.

வெயிலுக்குத் திரும்பியும் நோய் தணியவில்லை. 1920 ஜனவரியில், போலித் தீற்றாச் சார்புகள் என்னும் புதிய கண்டுபிடிப்பைப் பற்றி ஹார்டிக்குக் கடைசிக் கடிதத்தை எழுதினார். படுக்கையில் இருந்தபடியே தாள்களை நிரப்பிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 26 ஆம் திகதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. ஜானகி அம்மாள் அருகில் இருந்தார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் பல பதிற்றாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்து, 1976 இல் ரினிற்றி கல்லூரி நூலகத்தில் ஜோர்ஜ் அன்றூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞரின் கண்ணிற்பட்டன.

குளிர்தான் அவரைக் கொன்றது என்று சில நூல்களில் காணப்படும். விடைத்தாளில் அவ்வாறு எழுதிவிடாதீர்கள். காசநோய் என்று அன்று கருதப்பட்டது உண்மை. ஆனால் 1994 இல் யங் என்ற ஆங்கிலேய வைத்தியர் பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து, அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். இளமையில் சென்னையில் கண்ட வயிற்றுளைவு நோயின் தொடர்ச்சியாக அது உடலில் தங்கியிருந்திருக்கக் கூடும். அவ்வாறாயின் அந்தத் திறந்த யன்னல்களும் நெருப்பில்லாத அறைகளும் அவரிடம் இல்லாத ஒரு நோய்க்காக விதிக்கப்பட்டவை.

போர்வைச் சம்பவம் நமக்குத் தெரியவந்தது மகலனோபிஸ் அதனைப் பல ஆண்டுகள் கழித்தும் மறவாது கூறியதால்தான். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் 1967 இல் வெளியிட்ட இராமானுஜன் பற்றிய நூலில் அது இடம்பெற்றது.